சிவந்த கண்ணும் வெறுங்காலும்

நோய்க்குச் சாதி கிடையாது என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கிருமிக்குச் சாதி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தண்ணிக்குள்ளே எவன் இறங்கணும், எவன் கரையில செருப்போட நின்னு வேலை ஏவணும் என்பதை இந்த ஊரில் சாதிதான் முடிவு செய்கிறது. இறங்கியவனுக்கு நோய் வந்த பிறகு அவன் சொல்வதை எவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்பது, அவன் உடம்பை எங்கெல்லாம் தொட்டுப் பார்ப்பது என்பதையும் அதுவேதான் முடிவு செய்கிறது.

மருத்துவப் படிப்பில் ஒரு சொல் உண்டு: 'வழக்கத்துக்கு மாறான அறிகுறிகள்'. நோய் புத்தகத்தில் உள்ளபடி வராமல் வேறு வேஷத்தில் வந்தால் அப்படிச் சொல்வார்கள். அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், அதற்குத் தனித் திறமை வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். என் கேள்வி வேறு. வழக்கம் என்றால் யாருடைய வழக்கம்? எவன் உடம்பை நடுவில் படுக்கவைத்து இந்த வழக்கத்தை அளந்தார்கள்?

கொரோனா காலத்தில் விரல் நுனியில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தாகக் குறைந்திருப்பதை அந்தக் கருவி வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கறுப்பு உடம்பு வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்ளவில்லை. வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்துவிட்டு, மற்றவன் அளவில் அடங்கவில்லை என்றார்கள். அங்கே நிறம். இங்கே என்ன என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம்.

1993ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மதுரை மாவட்டம் வெள்ளக்காடாக இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரே மாதிரியான நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கி, கண்ணின் உள்ளே அழற்சி. யுவியைட்டிஸ் என்று அதற்குப் பெயர். இந்தக் கண் அழற்சிக்கு நூறு காரணம் இருக்கும். காசநோய் இருக்கலாம், மூட்டு வாதம் இருக்கலாம், மேகநோய் இருக்கலாம். பல பேருக்குக் காரணமே தெரியாது. ஆனால் ஒரே நேரத்தில் இத்தனை பேரா என்று அங்கிருந்த டாக்டர்கள் கேட்டார்கள். டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம், டாக்டர் பி. நம்பெருமாள்சாமி ஆகியோரைக் கொண்ட குழு தேடிப் போனதில் கிடைத்த விடை லெப்டோஸ்பைரா. எலிக்காய்ச்சல் கிருமி. 73 நோயாளிகளைப் பற்றிய அவர்களது கட்டுரை 1997இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வந்தது. பிறகு கண்ணுக்குள் இருக்கும் நீரிலேயே கிருமியின் மரபணுத் தடயத்தையும் கண்டார்கள். வெளிநாட்டுக் கண் மருத்துவர்கள் இன்றைக்கும் இந்த நோயைப் பற்றி எழுதினால் மதுரையைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

இந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. 'இத்தனை பேரா?' என்று கேட்ட அந்தக் கேள்விதான் மருத்துவம். நான் கேட்பது அதற்கு முந்தைய கதையை. எலிக்காய்ச்சல் நேராகக் கண்ணுக்கு வருவதில்லை. முதலில் காய்ச்சல் வரும். அது போன பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்துத்தான் கண்ணில் தெரியும். அப்படியென்றால் கண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் அதற்கு முன்னால் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள். அன்றைக்கு அந்தக் காய்ச்சலுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? மலேரியா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வெறும் காய்ச்சல். பல பேர் விஷயத்தில், காய்ச்சலாக இருந்தபோது பெயர் கிடைக்காத நோய்க்குக் கண் போகிற நேரத்தில்தான் பெயர் கிடைத்தது. கண் வரைக்கும் வராதவர்கள்? பிழைத்தவர் பிழைத்தார். செத்தவர் 'காய்ச்சலில் செத்தார்'.

இத்தனைக்கும் இது புது நோயா? ஜெர்மனியில் அடால்ஃப் வெய்ல் 1886லேயே எழுதிவிட்டார், கண் அழற்சி வரும் என்பது உட்பட. 1915இல் ஜப்பானில் இனாடா, இடோ என்ற இருவர் சுரங்கத் தொழிலாளரிடம் வந்த இந்த நோயின் கிருமியைக் கண்டார்கள். நூறு வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிற ஒன்று 1994இல் மதுரையில் அதிசயமாகத் தெரிந்தது ஏன்? அந்தமானில் 1988 முதல் மழை முடியும் காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து, நுரையீரலில் ரத்தம் கசிந்து ஆட்கள் செத்தார்கள். 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று ஊர் பெயரை வைத்தார்கள். அதுவும் இதே கிருமிதான் என்று தெரிய வருஷங்கள் ஆயின. 1995இல் நிகராகுவாவில் வெள்ளத்துக்குப் பின் இப்படித்தான் ரத்தம் கக்கிச் செத்தார்கள். டெங்குவோ என்று சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பார்த்தால் எலிக்காய்ச்சல். மஞ்சள் காமாலையோடு வந்தால்தான் எலிக்காய்ச்சல் என்று புத்தகம் மனதில் பதித்துவிட்டது. காமாலை இல்லாமல் வந்தால் கண்டுகொள்வாரில்லை.

இந்த நோய் எப்படி வருகிறது என்று பாருங்கள், மீதி விளங்கும். எலி, மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் மூத்திரத்தில் கிருமி வெளியேறுகிறது. தண்ணியிலும் ஈரமண்ணிலும் உயிரோடு கிடக்கிறது. காலில் இருக்கிற வெடிப்பு, புண், தண்ணியில் ஊறிப்போன தோல், கண், மூக்கு, வாய் இந்த வழியாக உள்ளே போகிறது. அவ்வளவுதான். சோழவந்தானிலும் மேலூரிலும் பெரியாறு பாசனத் தண்ணி வயலில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற பெண்ணின் கால். மாட்டுத் தொழுவம் அள்ளுகிற கை. அடைத்துக்கொண்ட சாக்கடையில் கழுத்தளவு இறங்குகிறவனின் கண்ணும் வாயும். வேறு யார் வீட்டுக் கதவைத் தட்டும் இந்த நோய்? வெள்ளம் வரும் வருஷத்தில் மட்டும் மாடி வீட்டுக்காரனும் தண்ணியில் கால் வைக்கிறான். அப்போதுதான் அதற்குக் 'கொள்ளைநோய்' என்று பெயர் வருகிறது. மற்ற வருஷங்களில் அது நம் ஜனங்களின் கூலியோடு சேர்ந்து வரும் கொசுறு.

பெயரையும் கவனியுங்கள் தோழர்களே. பழைய காலத்தில் உலகத்தில் பல இடங்களில் இந்த நோய்க்கு உழைப்பின் பெயர்தான் இருந்தது. பன்றி மேய்ப்பவர் நோய், கரும்பு வெட்டுபவர் காய்ச்சல், நெல்வயல் காய்ச்சல், சேற்றுக் காய்ச்சல். பெயரைக் கேட்டாலே யாருக்கு, எங்கே, எந்த வேலையில் வரும் என்று தெரிந்துவிடும். நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? எலிக்காய்ச்சல்! பழியை எலி மேல போட்டாச்சு. ஒப்பந்தக்காரன் இல்லை, பண்ணையார் இல்லை, பூட்ஸ் வாங்கித் தராத அதிகாரி இல்லை. பாவம், எலி வந்து தன் கட்சியைச் சொல்லப்போவதில்லை.

இனி கண்ணுக்கு வருகிறேன். எலிக்காய்ச்சலின் ஆரம்ப நாட்களிலேயே கண் சிவக்கும். பீளை கட்டாது, வெறும் சிவப்பு. கெண்டைக்காலில் கை வைக்க முடியாத வலி. சில பேருக்குப் பிறகு கண் மஞ்சளாகும். இந்த மூன்றையும் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் உடம்பில் வைத்துப் பாருங்கள். சிவந்த கண், தள்ளாடும் நடை, மஞ்சள் காமாலை. இந்தச் சமூகம் அதை எப்படி வாசிக்கும்?

என் சித்தப்பா பாதாளச் சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை பார்த்தவர். ஒப்பந்தக் கூலி. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, கண் சிவந்து, நடக்க முடியாமல் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனார். எந்தக் கிளினிக் என்பது வேண்டாம், எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து முதல் கேள்வி: "எத்தன வருஷமா குடிக்கிற?"

"இல்லீங்க சார், நான் குடிக்கிறதில்ல."

"கண்ணப் பாத்தா தெரியுதே."

அவர் குடிக்காதவர். எங்கள் தெருவில் அதற்காகவே அவரைக் கேலி செய்வார்கள். ஒரு ஊசி, ஒரு பாட்டில் குளுகோஸ், "குடிய விடு, சரியாப் போகும்". காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. என்ன வேலை என்று கேட்கவில்லை. நாலாம் நாள் கண் மஞ்சளானது. சின்னம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். ஆறாம் நாள் மூத்திரம் நின்றுபோனது. பிறகு வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பொண்ணு, கெண்டைக்காலை அமுக்கினார். சித்தப்பா அலறினார். "ஐயா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று அந்தப் பொண்ணு கேட்டது. பதிலைக் கேட்டதும் பென்சிலின் போடச் சொன்னது. டயாலிசிஸ் நடந்தது. ஆள் பிழைத்தார். ஒரு கேள்வி, ஒரு அமுக்கு. அதற்கு எந்த ஸ்கேனும் வேண்டியிருக்கவில்லை.

குடிக்கிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். மலக்குழிக்குள் இறங்கும் முன் ஒரு குவார்ட்டர் போடாமல் அந்த நாற்றத்தைத் தாங்க முடியாது என்று சொல்கிற அண்ணன்மார் எனக்கும் தெரியும். குடிக்கிறவனுக்கும் எலிக்காய்ச்சல் வரும். அவன் ஈரல் குடியாலும் கெடும், கிருமியாலும் கெடும். குடிகாரன் என்று ஒரு சீட்டை நெற்றியில் ஒட்டிவிட்டால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை என்பதுதான் வசதி. அந்தச் சீட்டு பிறக்கும்போதே நம் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. டாக்டர் அதை வாசித்துக் காட்டுகிறார், அவ்வளவே.

தொட்டுப் பார்க்காத வைத்தியம் இன்று வந்ததல்ல. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தம் நினைவுக்குறிப்புகளில் பாபாசாகேப் அம்பேத்கர் ஒரு சம்பவத்தைத் தருகிறார். காந்தியின் யங் இந்தியா பத்திரிகையில் 1929 டிசம்பர் 12 அன்று வந்த கடிதம் அது. கத்தியவாரில் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவரின் மனைவிக்குப் பிரசவமாகி இரண்டாம் நாள் உடம்பு முடியாமல் போகிறது. மூச்சுத் திணறல். டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். பெரிய மனிதர்களைப் பிடித்து, இரண்டு ரூபாய் பேசி, நோயாளியைச் சேரிக்கு வெளியே தூக்கி வந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறார். தர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவனிடம் கொடுக்கிறார், கணவன் மனைவிக்கு வைக்கிறார். வந்த வழியே அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார் டாக்டர். அந்தப் பெண் செத்துப்போனார்.

அந்த டாக்டருக்கு நோயின் பெயர் தெரிந்திருந்தது. அறிவுக்குக் குறைச்சல் இல்லை. கை மட்டும் நீளவில்லை. இன்றைக்கு யாரும் தர்மாமீட்டரை ஆள் மாற்றிக் கொடுப்பதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே 'நாக்க நீட்டு, போ' என்பதோடு முடிந்துவிடுகிறது. கெண்டைக்காலை யார் தொடுவது? சாக்கடையில் நின்ற காலாச்சே.

இன்னொரு பக்கம் பாருங்கள். இத்தாலியில் மோதெனா என்ற ஊரில் பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் இருந்தார். தன் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்த ஒரு தொழிலாளி பரபரவென்று வேலை செய்வதைப் பார்த்து, ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார். இதற்கு மேல் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றான் அவன். ராமஸ்ஸினி அவன் கண்ணைப் பார்த்தார். சிவந்து மங்கியிருந்தது. குடித்திருக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. அந்த வேலை செய்து குருடாகித் தெருவில் பிச்சை எடுப்பவர்களைத் தேடிப் பார்த்தார். அங்கே கண்ணைக் கெடுத்தது குழியிலிருந்து கிளம்பும் வாயு என்று இன்றைக்குச் சொல்வார்கள். 2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர்த் தொட்டியில் மூன்று தொழிலாளிகளைக் கொன்றதே, அந்த மாதிரி விஷவாயு. 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ராமஸ்ஸினி புத்தகம் எழுதினார். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து டாக்டர்கள் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை செய்கிறாய்? முந்நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நம்ம ஊர் கிளினிக்குக்கு அந்தக் கேள்வி இன்னும் வந்து சேரவில்லை.

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். ஐந்நூறு ரூபாய் போட்டு ஒருவர் கணக்கு ஆரம்பிக்க வந்தால், தொழில் என்ற கட்டத்தை நிரப்பாமல் விண்ணப்பத்தை வாங்க எனக்கு அதிகாரம் இல்லை. நான் பார்த்த ஓ.பி. சீட்டுகளில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்று இருக்கிறது. தொழில் இல்லை. பணத்தைப் பாதுகாக்க நீ யார், என்ன வேலை என்று தெரிந்தாகணும். உயிரைப் பாதுகாக்க வேண்டாமாம்.

நம்மவர்களிலேயே சிலர் இரண்டு எதிர்ப்புகளைச் சொல்கிறார்கள். 'அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்கு முன்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், பாவம் என்ன செய்வார்?' உண்மைதான். நோயும் லேசுப்பட்டதல்ல; மலேரியா மாதிரி, டெங்கு மாதிரி வேஷம் போடும். உறுதிப்படுத்துகிற ரத்தப் பரிசோதனை பெரிய ஆய்வகங்களில்தான் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், ஆய்வகம் இல்லாத இடத்தில் கேள்விதான் ஆய்வகம். 'என்ன வேலை? தண்ணியில சேத்துல நின்னீங்களா? போன மாசம் காய்ச்சல் வந்துச்சா?' அரை நிமிஷம் ஆகாது. 'குடிக்கிறியா' என்று கேட்க நேரம் இருக்கிறது அல்லவா?

அடுத்தது, 'இப்போது நம் பிள்ளைகளே டாக்டராகிவிட்டார்கள், இன்னும் சாதி பேசலாமா?' ஆகியிருக்கிறார்கள், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் பலன் அது. ஆனால் அவர்கள் படிப்பதும் அதே புத்தகம்தான். நோயாளி என்றால் ஒரு வேலையும் இல்லாத, ஒரு தெருவும் இல்லாத வெறும் உடம்பு என்று கற்றுக்கொடுக்கிற புத்தகம். சேரியிலிருந்து போன பிள்ளை ஐந்தரை வருஷத்தில் சேரியை மறக்கப் பழக்கப்படுகிறது. மறக்காத பிள்ளைதான் கெண்டைக்காலை அமுக்கும். மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் அப்பன் ஆத்தாளின் காலில் இருக்கிற வெடிப்பு உங்கள் பாடப்புத்தகத்தில் விடுபட்ட பக்கம். அதைச் சேர்க்க வேண்டியது நீங்கள்தான்.

நோயின் பெயர் காகிதத்தில் ஏறுவது ஏன் அவசியம்? பிழைத்த சித்தப்பாவுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு கண் மங்கியது. அது அந்தப் பழைய காய்ச்சலின் பாக்கி என்று கண் டாக்டர் சொன்னார், மருந்து போட்டு ஓரளவு மீட்டார். நஷ்டஈடு கேட்டுப் போனோம். டிஸ்சார்ஜ் சீட்டில் 'காய்ச்சல், காமாலை, சிறுநீரகப் பாதிப்பு' என்று இருந்தது. தொழிலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஒப்பந்தக்காரர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார், கையெழுத்து ஒத்துப்போகாத செக்கை நான் திருப்பிக் கொடுப்பதுபோல.

சட்டம் இல்லாமல் இல்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்தது. நோய்த்தொற்று அபாயம் உள்ள வேலைகளில் வரும் தொற்றுநோய்கள் அதில் முதல் வரிசையிலேயே இருந்தன. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ளும் அந்தப் பட்டியல் இருக்கிறது. மதுரையில் வெள்ளம் வந்த அதே 1993இல்தான் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2013இல் இன்னொரு சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் இறக்குவது குற்றம் என்றது. 2014இல் உச்சநீதிமன்றம் சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் என்றது, 2023இல் முப்பது லட்சம் என்றது. ஊனமானாலும் இழப்பீடு உண்டு என்றது. விஷவாயுவில் அங்கேயே செத்தால் சடலம் சாட்சி சொல்லும். பத்து நாள் கழித்துக் கட்டிலில் காய்ச்சலில் செத்தால்? சிறுநீரகம் போய், கண் போய் உயிரோடு கிடந்தால்? அந்தச் சாவையும் ஊனத்தையும் வேலையோடு கட்டுகிற ஒரே கயிறு டாக்டர் எழுதும் ஒரு வரி. அந்த வரி இல்லாததால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நம் இயக்கம் கேட்க வேண்டியவை:

1. ஒவ்வொரு ஓ.பி. சீட்டிலும், டிஸ்சார்ஜ் சீட்டிலும், இறப்புக்கான காரணச் சான்றிலும் தொழில் என்ற கட்டம் நிரப்பப்பட வேண்டும். 'கூலி' என்று எழுதி முடிக்காதே. என்ன கூலி என்று எழுது.

2. தூய்மைப் பணியாளருக்கும் வயல் கூலிகளுக்கும் மழைக்காலக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சல் இல்லை என்று உறுதியாகும்வரை அதுவாக இருக்கலாம் என்றே பார்க்க வேண்டும். டாக்சிசைக்ளினும் பென்சிலினும் விலை மலிந்த பழைய மருந்துகள். சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

3. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் தண்ணியில் இறங்கியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். நம் ஊராட்சியும் மாநகராட்சியும் ஒப்பந்தக்காரரும் அதே போல, டாக்டர் மேற்பார்வையில், ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் தர வேண்டும். மாத்திரை கொடுத்துவிட்டுப் பூட்ஸையும் கையுறையையும் மறந்துவிடக் கூடாது. மனிதனை உள்ளே இறக்காத இயந்திரம் வந்தால் இரண்டும் தேவைப்படாது.

4. காய்ச்சலில் இருந்து எழுந்தவருக்கு அடுத்த ஒரு வருஷம் கண் பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும்.

இதெல்லாம் டாக்டர் வேலை, இயக்கத்துக்கு என்ன என்று கேட்காதீர்கள். அவர்கள் கேட்கும்வரை நம் ஜனங்கள் தாமே சொல்லப் பழக வேண்டும். படிக்கிற தோழர்கள் இந்த மழைக்கு முன் தெருத் தெருவாகப் போய் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுங்கள். அம்மாவுக்கு, அண்ணனுக்கு, சின்னம்மாவுக்கு. டாக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நாற்காலி தந்தாலும் நிற்கவைத்தாலும், வாயைத் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது இது:

"சார், நான் சாக்கடைத் தண்ணியில வேலை பாக்குறேன். எனக்கு எலிக்காய்ச்சலான்னு பாருங்க. பாத்ததச் சீட்டுல எழுதுங்க."